கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணிகள்

பிளஸ்ஸி அப்பாவுக்கு,

குப்பை எரிக்கும் உலையை வார்டுக்குக் கொண்டுவந்த கவுன்சிலர், தன் வீட்டுச் சன்னல்களை மட்டும் ஏன் எப்போதும் சாத்தியே வைக்கிறார் என்று யோசித்தபடி எழுதுகிறேன்.

மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. மூடியைத் திறந்து போடாதீர்கள், உங்கள் உலை சாம்பல் தூவிவிடும்.

பிளஸ்ஸிக்கு ராத்திரி முழுக்க இளைப்பு. "பொகையில்லட்டி, மஞ்சாக்கும்" என்றீர்கள். சித்திரை மாதத்தில், அதுவும் பிளாஸ்டிக் வாடையோடு பனிமஞ்சு இறங்குவது நம் வார்டில் மட்டும்தான். அவளை ராஜாக்கமங்கலத்துக்கு, அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். உங்கள் இருமல் மருந்து மேசைமேல் இருக்கிறது. மஞ்சுக்கு நல்லது.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு முந்திரிக்கொத்து டப்பாவில் இருக்கிறது. "ஒரு தொந்தரவும் இல்லேண்ணு நீ ஒரு வார்த்தை சொன்னா போரும்" என்றீர்கள். முந்திரிக்கொத்து மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

எலிசா

மறந்துவிட்டேன்: அவர்கள் வருவதற்குள் மாடித் துணிகளை எடுக்கச் சொன்னீர்கள். சர்ச்சில் திருவிருந்துக்கு உடுத்தும் என் வெள்ளைச் சேலையும் உங்கள் வேட்டியும் கரும்புள்ளியோடு கொடியில் கிடக்கின்றன. தெருவில் நின்றாலே தெரிகிறது. நான் எடுக்கவில்லை.

மாடிச் சாவியைத் தேட வேண்டாம். என் பையில் இருக்கிறது.