ஆளுக்கொரு பூட்ஸ்

ஜூன் 4
பூட்ஸ் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டேன். மூன்று நாள் ஆயிற்று. நானே! அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு! சேற்றைத் துலக்கு. உள் அட்டையை உருவு. நிழலில் காயவை. நெருப்பருகே வைக்காதே, பசை விட்டுவிடும்.

ஒரு ஜோடிதான். எனக்கும் என் மனைவி மைரியின் தம்பி கோவியோவுக்கும் ஒரே அளவுக் கால். கொக்கோடா மலைப்பாதையில் மூட்டை சுமக்க ஒரு நடை நான், ஒரு நடை அவன். வெறுங்காலோடு போனால் மேஸ்திரி மூட்டை தருவதில்லை. இது பிய்ந்தால் இருவருக்கும் வேலை இல்லை.

ஜூன் 9
கோவியோ பூட்ஸை அடுப்புக்கு மேலே, புகைப்பரணில், பன்றிக்கறிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்! இறக்கினேன்.

"புகை படாத எதுவும் இந்த ஊர்ல தங்காது மச்சான். வை அங்க."

"காகிதத்துல போட்டிருக்குடா."

"காகிதத்துக்கு நம்ம மழையைத் தெரியுமா?"

விறகால் அடித்தான். நான் விட்டேனா? பூட்ஸாலேயே வாயில் போட்டேன். இரண்டு பல். மிச்சப் பல்லால் கடித்தான். மைரி வெந்நீர்ச் சட்டியைத் தூக்கிய பிறகுதான் விலகினோம்.

"ரெண்டு கெழட்டுப் பன்னியும் வெளிய போங்க!"

ஜூன் 10
கை வீக்கம். எழுத்து கோணல். மைரியின் தீர்ப்பு: இடது எனக்கு, வலது அவனுக்கு. அவரவர் இஷ்டப்படி காயவைக்க வேண்டும். நடைக்குப் போகும்போது மட்டும் ஜோடி சேரும்.

ஜூலை 2
உள்ளே காய்ந்த புல் திணித்து நிழலில் வைத்தேன். நான்கு நாளாகியும் ஈரம். பூசணம். கோவியோ மோந்துவிட்டு, "செத்த எலி" என்றான். அவனுடையது மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது. மூக்கில் ஒரு குத்து விட்டேன். பிறகு பூசணத்தைத் துடைத்து மெழுகு தேய்த்தேன்.

ஜூலை 19
அவன் நடை. செங்குத்தான இறக்கத்தில் வலது பூட்ஸின் அடி பிய்ந்து வாய் பிளந்ததாம். மூட்டையோடு உருண்டு பாறையில் மோதியிருக்கிறான். செய்தி வந்ததும் வெறுங்காலோடு ஓடினேன். வலது தோள் எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றது. பகல் முழுக்க முதுகில் சுமந்தேன். இடது கையால் என் காதைத் திருகிக்கொண்டே வந்தான். "மெதுவா போடா நாயே!"

"சொன்னேனா? அப்பவே சொன்னேனா?" அழுதுகொண்டே கேட்டேன். அதை ஏன் கேட்டேன்?

ஆகஸ்ட் 6
இனி மருந்தில்லை, வலது கை தானாக மேலே எழும்பினால்தான் உண்டு என்கிறாள் நர்ஸ். கோவியோ பேசுவதில்லை. திட்டினேன். அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினேன். சும்மாவே கிடந்தான்.

செப்டம்பர் 14
காகிதத்தை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 'நெருப்பருகே வைக்காதே' என்ற வரி வந்ததும் நிறுத்தி, இன்னொரு தரம் படித்தேன். பளாரென்று கன்னத்தில் அறைந்தான். வலது கையால்! காது இன்னும் கூவுகிறது. "கை எழும்பிடுச்சு!" என்று மைரி கத்தினாள்.

நான் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.