விரும்பிக் கேட்டவர் முத்தையா, கீழ் லயம்

அன்பு மச்சான் முத்தையாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் முதலில் வாய் வருகிறது. பழக்கதோஷம். இங்கே நாங்கள் சுகம். உன் தங்கச்சி கமலத்துக்கு முழங்கால் வலி, அதுவும் மழை பெய்தால் மட்டும். மேல் லயத்து வீடுகளுக்குப் போகிற பாதை போன மழையில் சரிந்துவிட்டது. தேயிலை ஸ்டோர் பக்கமாகச் சுற்றித்தான் போகிறார்கள். உன் கொய்யா மரம் நிற்கிறது. பழத்தைத்தான் குரங்கு விட்டுவைப்பதில்லை.

நான் சொல்லச் சொல்ல உன் மகள் வசந்தி எழுதுகிறாள். நான்தான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் ஆச்சே. அவள் பண்டாரவளையில் டீச்சர். என் பேச்சை இஸ்திரி போட்டு மடித்துத்தான் எழுதுவாள். நீ படித்துவிட்டு, இது சின்னையா பேச்சே இல்லை என்று சொல்லிவிடாதே.

முதலில் ஒரு சேதி. நீ பாதியில் விட்டுப் போன டிவி நாடகம் முடிந்துவிட்டது. கடைசி வாரம் அந்தப் பெரிய மருமகள் திருந்திவிட்டாள். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு சொன்னாயே, "அவ திருந்துவா பாரு மச்சான், முழி நல்ல முழி"ன்னு. அது மாதிரியே நடந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து உன் காம்பரா வரைக்கும் நடந்தே போய்விட்டேன். கதவில் பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வருஷத் தெவசம். படையலில் என்ன வைப்பது என்று பிரச்சினையே இல்லை. ரொட்டி, கட்டச்சம்பல், நெத்திலிக் கருவாடு, சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி, எல்லாம் கமலத்துக்குத் தெரியும். ஆனால் நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியுமே. செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டை இலையில் வைத்தால், பிடித்த பாட்டையும் ஸ்பீக்கரில் போட வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் ஆவி அரை வயிற்றோடு போகும் என்பார்கள்.

உன் மகன் செல்வம் கொழும்பிலிருந்து வந்திருந்தான். "இதுல என்ன யோசன மாமா? அப்பா பஜனக்காரரு. முருகன் பாட்டு போடுவோம், அம்மன் பாட்டு போடுவோம், முடிஞ்சிச்சி" என்றான்.

நானும் தலையை ஆட்டினேன். மார்கழி முழுக்க விடியற்காலையில் ஜால்ராவோடு லயம் லயமாகப் போனவன் நீ. ஆடித் திருவிழாவில் நீ கட்டிய அம்மன் பாட்டைத்தான் இன்றைக்கும் பெண்கள் கரகத்துக்குப் பின்னால் பாடுகிறார்கள். வேறு என்ன பாட்டைப் போடுவது?

அதற்குள்தான் வசந்தி உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். படத்துக்குப் போட உன் பட்டுச் சால்வையைத் தேடப் போனவள், ஒரு கொப்பியோடு வந்தாள். அட்டை போன பழைய நோட்டுக் கொப்பி.

அந்தக் கொப்பி என்ன என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நேயர் விருப்பம் கேட்டு ரேடியோவுக்கு நீ தபாலட்டை எழுதிய காலத்துக் கொப்பி. யார் எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று முதலில் அதில் குறித்துக்கொண்டுதான் அட்டையில் எழுதுவாய். லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தானே. அஞ்சாம் வகுப்பு என்றாலும் முத்து முத்தாக எழுதுவாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேட்டரியை வெயிலில் காயவைத்து ரேடியோவில் போட்டுவிட்டு, இருபது பேர் ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஆணியில்தான் ரேடியோ தொங்கும்.

ரேடியோவை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உனக்குக் கோபம் வரும். படமும் புத்தகமும் உன்னால்தான் எனக்குத் தெரியும். கோயிலுக்குச் சூடம் சாம்பிராணி வாங்கப் போகிறோம் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறுவோம். சூடப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே மேட்னி ஷோ பார்ப்போம். சண்டைக் காட்சியில் நீ பொட்டலத்தை நசுக்குவாய். தியேட்டர் முழுக்கக் கோயில் வாசனை அடிக்கும். முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்து, "யாருப்பா இங்க தீவாரதன காட்டுறது?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

பதுளை பஜாரில் முஸ்லிம் நானா ஒருத்தர் கடையில் பழைய கதைப் புத்தகங்களை வாங்கி வருவாய். நீ வாசிப்பாய், நான் கேட்பேன். ஒரு துப்பறியும் கதையில் டாக்டர்தான் கொலைகாரன் என்று வாசித்து முடித்தாய். அதற்குப் பிறகு பத்து வருஷம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கக் கை நீட்டும்போதெல்லாம் எனக்கு நடுங்கியது. பிறகு ஒருநாள் சாவகாசமாகச் சொல்கிறாய், "அந்த பொஸ்தகத்துல கடேசி பத்துப் பக்கம் கெடையாது மச்சான். நானா பொட்டலம் மடிக்க கிழிச்சிட்டாரு. முடிவு நாந்தான் சொன்னேன்"னு. எழுத்து விஷயத்தில் உன்னை நம்பக்கூடாது என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வசந்தி கொப்பியைப் புரட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மாமா, இந்தப் பாட்டு ஒங்களுக்கு அவ்வளவு புடிக்குமா? ஒரே கொப்பியில பதினோரு தடவ ஒங்க பேரு போட்டு எழுதியிருக்காரு அப்பா."

"எந்தப் பாட்டு புள்ள?"

அவளுக்குச் சிரிப்பு. "அதான் மாமா... கிளப்புல ஒரு பொம்பள ஆடுவாளே, நடுவுல மூச்சு வாங்குவாளே, அது."

"நான் எங்க அத கேட்டேன்? நான் எப்பவும் கேட்டது முருகன் பாட்டுல்ல!"

"முருகன் பாட்டும் இருக்கே." விரலை ஓட்டிக்கொண்டே வாசித்தாள். "முருகன் பாட்டு. விரும்பிக் கேட்டவர் முத்தையா, கீழ் லயம். இன்னொன்னு, அதுவும் முத்தையா. கிளப்புப் பாட்டு, விரும்பிக் கேட்டவர் சின்னையா, கீழ் லயம்."

மச்சான், நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ரேடியோவில் என் பேரோடு அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் நீ என்ன சொன்னாய்? "ரேடியோக்காரனுங்க நம்ம ரெண்டு பேரு பேரையும் மாத்திப் படிச்சிட்டானுங்க. மலநாட்டுப் பேருன்னா அவனுங்களுக்கு எளக்காரம்" என்று நீயே கோபப்பட்டாயே. நானும் எவ்வளவு திட்டினேன் அந்த அறிவிப்பாளரை. பாவம், அந்த மனுஷனிடம் இந்தக் கடிதத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு 'கிளப்பு சின்னையா' என்று பேர் வந்தது அப்படித்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள், "என்ன கிளப்பண்ணே, இன்னிக்கு ஆட்டம் எங்க?" என்பார்கள். இன்றைக்கும் அதே பேர்தான். என் பேரப்பிள்ளையை 'கிளப்பு வீட்டுப் பய' என்கிறார்கள்.

பேர் போனால் போகிறது. கல்யாணமே நிற்கப் பார்த்ததே! உன் அப்பா கங்காணி, கோயில் தர்மகர்த்தா. நான் கமலத்தைக் கேட்டு ஆள் அனுப்பினபோது என்ன குதி குதித்தார்? "டான்ஸ் பாட்டுக்கு போஸ்காட் போடுறவனுக்கு எம் மவள குடுக்கவா? அதுக்கு அவள கெழங்குத் தோட்டத்துல பொதச்சிட்டுப் போறேன்!" என்று லயமே கேட்கக் கத்தினார். நீ பக்கத்தில் ஜால்ராவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கடைசியில் வாயைத் திறந்தாய். "பையன் நல்லவன்தாம்ப்பா. பாட்டுதான் கொஞ்சம் அப்பிடி இப்பிடி."

அப்போது உன்னைத் தெய்வம் என்று நினைத்தேன்டா!

கமலம் அதற்குப் பிறகு ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அவளைப் பசறைப் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுக்கப் பேச்சு வேறு நடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, முருகன் பாட்டு ஒன்றை விரும்பிக் கேட்டவர் சின்னையா என்று ரேடியோ சொன்னது. அவர் காதைக் குடைந்துகொண்டு இன்னொரு தடவை கேட்டார். "பய திருந்திட்டான் போலருக்கே" என்றார். அடுத்த மாசம் பரிசம் போட்டார்கள். ரேடியோக்காரன் ஒரே ஒரு தடவையாவது சரியாகப் படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வசந்தி அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பாட்டு, என் பேர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததாம். அதில் விரலை வைத்து வாசித்தாள். "மாத்தாம எழுதினது. கமலத்துக்காக."

உன் மேல் கோபம் வருமா, வராதா? நீயே சொல். எனக்கு வந்தது சிரிப்பு, அப்புறம் அழுகை, அப்புறம் திரும்பவும் சிரிப்பு. பஜனைக்காரன், கங்காணி மகன், உன் பேரில் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்திருந்தால் உன் அப்பா உன் முதுகுத் தோலை உரித்திருப்பார். எனக்கு அப்பாவும் இல்லை, கெடுவதற்கு ஒரு பேரும் இல்லை. யார் தலையில் வைப்பாய், என் தலையில்தான் வைப்பாய். ஆனால் வாய்விட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே சந்தோஷமாகச் சுமந்திருக்க மாட்டேனா?

அப்போது எனக்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் நின்றது. உனக்கு நிஜமாகவே பிடித்த பாட்டு எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டால் நீ அரை வயிற்றோடு போவாய். போட்டால் ஊர் சிரிக்கும்.

செல்வம் முகம் கறுத்துவிட்டது. "வேணாம் மாமா. ஊரே அப்பாவ கும்புடுது. இத போட்டா நாளைக்கு வேலைக்கு பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல வச்சி சிரிப்பானுங்க."

"அப்ப எம் பேருலயே போட்டுருடா. எனக்கு பழகிப் போச்சி" என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன்.

அதுவரைக்கும் கமலம் வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். துருவலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ரெண்டு நாளு பட்டினி கெடந்தேன் நான். எங்கண்ணன் பக்கத்துல ஒக்காந்து சோறு திங்கச் சொல்லி கெஞ்சினிச்சி. செஞ்சதெல்லாம் அதுவேதானா!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க. ஒங்க பேருல கேட்டதெல்லாம் போதும். அண்ணன் பேரச் சொல்லிப் போடுங்க" என்றாள். உன் தங்கச்சி சொன்ன பிறகு செல்வம் எங்கே வாயைத் திறப்பான்?

பந்தி முடிந்த மத்தியானம். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. முதலில் முருகன் பாட்டுகள் போட்டோம். பிறகு நான் மைக்கைப் பிடித்தேன். ரேடியோக்காரன் மாதிரியே சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அடுத்த பாடல். விரும்பிக் கேட்டவர், முத்தையா, கீழ் லயம்."

கிளப்புப் பாட்டு தொடங்கியது. பூசாரி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். உன்னை இப்படி நடுக்களத்தில் நிறுத்திவிட்டேனோ என்று இருந்தது எனக்கு.

அப்போது உன் பஜனைக் கூட்டத்தில் டோலக் அடித்த ராசு எழுந்து நின்றான். காதைச் சாய்த்து ரெண்டு வரி கேட்டான். தொடையில் அடித்துக்கொண்டு கத்தினான்.

"அட கள்ளப்பயலே முத்தையா! இது நம்ம அம்மன் பாட்டு மெட்டுல்லடா! வேகத்த கொறச்சி வச்சிருக்கான் பாரு!"

எல்லாரும் காதைத் தீட்டினார்கள். ஆமாம் மச்சான். அதேதான். நீ கட்டிய அம்மன் பாட்டு. இத்தனை வருஷம் கரகத்துக்குப் பின்னால் இந்தத் தோட்டமே கைதட்டிப் பாடினது அந்தக் கிளப்புப் பாட்டின் மெட்டைத்தான். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. என் பேரில் அத்தனை தடவை வந்த பாட்டு!

முதலில் சிரித்தவள் கமலம். பிறகு பெண்கள் ஒவ்வொருத்தராக அந்த மெட்டுக்கே உன் அம்மன் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். ஸ்பீக்கரில் கிளப்புக்காரி மூச்சு வாங்குகிறாள், இவர்கள் 'தாயே' என்கிறார்கள். பூசாரியின் கால் தாளம் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். செல்வம் அழுதுகொண்டே சிரித்தான். "அப்பா எல்லாருக்கும் முன்னாடி நின்னுதான் இத பாடியிருக்காரு மாமா" என்றான்.

நீ கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு பாடினாயே, அது அம்மனுக்கா, அந்தக் கிளப்புக்காரிக்கா? இரண்டு பேருக்குமே என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். வெறும் நடிப்பாக இருந்தால் உன் கன்னத்தில் தண்ணீர் வழிந்திருக்காது. என் கதையைக் கேள். தெவசம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது கமலம் கேட்டாள், "அப்ப ஒங்களுக்குன்னு புடிச்ச பாட்டு எதுங்க?" நான் கேட்ட முருகன் பாட்டைச் சொல்ல வாயைத் திறந்தேன். கிளப்புப் பாட்டுத்தான் வந்தது. பேரைத்தான் மாற்றி எழுதினாய் என்று பார்த்தால், மனசையும் சேர்த்து மாற்றிவிட்டாய்.

இனி வருஷா வருஷம் உன் தெவசத்துக்கு அந்தப் பாட்டு வரும், உன் பேரில், கூட்டாமல் குறைக்காமல். ஆடித் திருவிழாவில் நான் உன் ஜால்ராவை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பேன். எனக்குத் தாளம் நிற்காது என்று உனக்குத் தெரியும். சிரிக்காதே. நான் அங்கே வரும்போது நீ ஒரு காரியம் செய்து வைத்தால் போதும். அந்தப் பழைய முருகன் பாட்டை ஒரே ஒரு தடவை, மாற்றாமல், என் பேரில் எழுதி வை.

உன் பேரில் பாட்டுக் கேட்டு, உன் பாட்டுக்குப் பேர் கெட்டு, உன் தங்கச்சியைக் கட்டிய
மச்சான்,
கிளப்பு சின்னையா