செல்வியின் இதயத்தை நிறுத்தப் போகிறார்கள்

என் உயிரான மாமாவுக்கு,

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். நம் செல்விக்கு நெஞ்சில் ஓட்டையாம். தெருக்கோடி வரை நடந்தாலே மூச்சு வாங்குவாளே, சளி என்று கஷாயம் கொடுத்தோமே, அது சளி இல்லை. நாளைக் காலை ஆபரேஷன். இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தை ஒரு மெஷின் வழியாக ஓடவிட்டு, ஓட்டையைத் தைப்பார்களாம். முடிந்தபின் இதயம் மறுபடி துடிக்க வேண்டும்.

மெஷின் என்றாலே இப்போது எனக்குப் பயம். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம்மைச் சுழற்றும் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நீங்கள் சொன்னதற்கு, "ஒண்ணும் ஆவாது, ஓட்டுப்பா" என்றாராம் மேஸ்திரி. அன்று மத்தியானமே அந்த பெல்ட் அறுந்துதானே உங்களைக் கொண்டுபோனது?

அந்த வாரமே, நீங்கள் சுவரில் ஒட்டிவைத்திருந்த அமெரிக்கர் படங்களை எல்லாம் கிழித்தேன். மின்விளக்குக்காரர், ஆகாய விமானம் செய்த அண்ணன் தம்பி, ஒருவரையும் விடவில்லை. உங்களுக்கு மெஷின் பைத்தியம் பிடிக்க வைத்தவர்கள் இவர்கள்தானே என்று ஆத்திரம். அடிமைகளை விடுவித்த தாடிக்கார ஜனாதிபதி என்ன பாவம் செய்தார்? அவரையும் கிழித்தேன். நிலாவுக்கு ஆள் அனுப்புவேன் என்றாரே உங்கள் இளம் ஜனாதிபதி, அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், மாமா. ரேடியோவில் கேட்டதும், உங்களிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

செல்விக்கான இந்த மெஷினும் ஓர் அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்ததுதானாம். இங்கே அதைப் பார்த்துக்கொள்கிற ஆற்காட்டுக்காரர் சொன்னார். ரத்தம் கட்டி ஒரு பெண் சாவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாராம் அந்த டாக்டர். கொஞ்ச நேரம் ரத்தத்தை உடம்புக்கு வெளியே ஒரு மெஷினில் ஓடவிட வழி இருந்தால் பிழைத்திருப்பாளே என்று தோன்றியதாம். அதற்குப்பின் இருபது வருஷத்துக்கு மேல் அவரும் பெண்டாட்டியுமாக உழைத்தார்களாம்.

"யார்னா பொழைச்சாங்களா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு பொழைச்சுதும்மா."

"அப்பறம்?"

"அப்பறம் கொழந்தைங்க ரெண்டு போய்ட்டாங்க. மனசு ஒடைஞ்சு அவரு உட்டுட்டாரு. மத்த டாக்டருங்கதான் மெஷினை நல்லாக்கினாங்க."

"இப்ப ஒண்ணும் ஆவாதில்ல?"

"அப்டி நான் சொல்ல மாட்டேம்மா. ஒவ்வொரு வாட்டியும் எனக்கே பயம்தான். கரண்ட் போனா கையால சுத்துறதுக்குப் பிடி கீது. டியூபெல்லாம் புதுசு. அவ்ளோதான் சொல்ல முடியும்."

ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லியிருந்தால், செல்வியைத் தூக்கிக்கொண்டு நம் ஊர் ஆம்பூருக்கே பஸ் ஏறியிருப்பேன். சொல்லவில்லை. இரண்டு நாளாகக் கையில் வைத்திருந்த ஆபரேஷன் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். செய்தது சரியா, மாமா?

போட்டுவிட்டு வந்து அவளிடம் பக்குவமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நெஞ்சை நிறுத்துனா அந்நேரம் நான் எங்கம்மா இருப்பேன்? அப்பாகிட்டப் போய்ட்டு வருவனா?" என்றாள். ஆசையாகக் கேட்டாள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். நாளை அவள் உங்கள் முன் வந்து நின்றால் மடியில் உட்கார வைத்துக்கொள்ளாதீர்கள். கதை எதுவும் ஆரம்பிக்காதீர்கள். "போ, அம்மா தேடுவா" என்று அதட்டித் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. மெஷினைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அவளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, என் காலம் வந்ததும் நேரே உங்களிடம்தான் வருவேன், சத்தியம். அவளை மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் பெண்டாட்டி,
செல்விக்கு அம்மா