ஈ வராத கருவாடு

மாசி 10

அன்பு மகள் திவ்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்றுதான் போனில் பேசினோம், அதனால் சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு முறை சொன்னால் வைக்கப்போகிறாய் என்று அர்த்தம். கருவாட்டுப் பார்சல் கட்டும்போது ஒரு காகிதத்தையும் உள்ளே வைத்தால் சாவகாசமாகப் படிப்பாயே என்றுதான் எழுதுகிறேன். காகிதத்தில் மீன் வாசம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடிக்காதே. அந்த வாசத்தில் உட்கார்ந்துதான் பன்னிரண்டாவது பாஸ் பண்ணினாய்.

நெத்திலிக் கருவாடு ஒரு பை, காரப்பொடி மீன் கருவாடு ஒரு பை. நெத்திலியில் பாதியை நீ குடியிருக்கும் வீட்டுக்கார அக்காவுக்குக் கொடு. உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த மனுஷி. அவள் பிள்ளைகளுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்று நீதான் சொன்னாய்.

இந்த மாதிரிக் கருவாட்டை நான் பார்த்ததே இல்லை. ஈயே வரவில்லை, திவ்யா. எப்போதும் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மேலே பழைய வலையைப் போர்த்தி, வேப்பங்கொத்தை வீசி வீசித் தோள் இறங்கிப்போகும். ஈயைத் திட்டித் திட்டி வாயும் ஓயாது. இந்த முறை மணலில் விரித்ததுதான் தெரியும், ஒரு ஈ எட்டிப் பார்க்கவில்லை. கை சும்மா இருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. உன் நைனா குனிந்து ஒரு நெத்திலியை எடுத்துப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விருது. உன் செல்லப் பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது. உனக்கு அனுப்புகிற மீன் என்று மரியாதை தருகிறது போலிருக்கிறது.

இன்னொரு சேதி. உன் மெஷின் நம் ஊருக்கும் வந்துவிட்டது. மேற்கே வயலில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறதாம். விடிந்ததும் ஒரு பையன் வந்து ட்ரோனில் மருந்து அடிக்கிறான். நம் பிள்ளைகள் எல்லாம் வரப்பு ஓரம் நின்று கை தட்டுகிறார்கள். நான் விடுவேனா? என் பெண்ணும் திருவாரூர்ப் பக்கம் இதைத்தான் ஓட்டுகிறாள் என்று தண்ணீர்க் குழாயில் நின்ற எல்லோரிடமும் சொன்னேன். பொம்பளப் புள்ளயா ஓட்டுது என்று வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்றவளுக்கு அதில் என்ன வெட்கம்.

இரண்டு நாளாகக் கண் எரிகிறது. உப்புக் கையோடு தேய்த்திருப்பேன். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா
லோகாம்பாள்


மாசி 22

திவ்யா,

கருவாட்டைத் தின்னாதே, யாருக்கும் கொடுக்காதே என்று போனில் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. மீதியை உன் காதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

பழவேற்காடு கடைத்தெருவில் கைருன் பீவி அக்கா நம் கூடையைத் திறந்துகூடப் பார்க்காமல் எடுத்துக்கொள்கிறவள். போன வாரமும் அப்படித்தான் வாங்கி, வாசலில் திறந்து வைத்தாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்த கூடைகளில் எல்லாம் ஈ மொய்க்கிறது. நம் கூடையில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மல்லாந்து விழுந்து காலை உதறியது. அக்கா அதைப் பார்த்தாள். ஒரு நெத்திலியை எடுத்து மோந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, "இன்னாடி லோகா, நீயும் மருந்து அடிக்க ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டாள்.

மற்றவர் காதில் விழாமல் மெதுவாகத்தான் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். ஈ வராமல் இருக்கப் பூச்சிமருந்தைக் கருவாட்டின் மேல் தெளிக்கிற ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நான் காறித் துப்புவேன், நீ பார்த்திருக்கிறாய். இப்போது என்னையே அந்த ஆளாக நிறுத்திவிட்டது இந்தக் கூடை. என் பெண் தலைமேல் சத்தியம் என்றேன். அக்கா, "நீ செய்ய மாட்டேனு எனக்குத் தெரியும்டி. ஆனா இத இன்னொருத்தர் புள்ள தட்டுல நான் எப்படிப் போடுவேன்?" என்றாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் விடியும்போது காயப்போடும் இடத்தில் போய் நின்றேன். மேற்கே அந்த மெஷின் இரைந்தது. மாசிக் காலையில் காற்று தரையிலிருந்து ஏரிப் பக்கம்தானே வரும். பனி மாதிரி ஒன்று மிதந்து வந்தது. மணலில் விரித்த தார்ப்பாயில் விழுந்தது, என் கன்னத்தில் சில்லென்று விழுந்தது. விரலால் தொட்டு மோந்தேன். நெத்திலியில் இருந்த அதே வாசம். ஈ ஏன் வரவில்லை, கண் ஏன் எரிந்தது, வரப்பில் நின்று கை தட்டிய நம் பிள்ளைகளுக்குப் போன வாரம் ஏன் உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்தது என்று எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஈ இல்லை என்று சந்தோஷப்பட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பு மேலேயே நடந்தேன், அந்தப் பையனைக் கிழித்துவிடுவது என்று. அவன் என்னைப் பார்த்ததும், "தள்ளிப் போங்கம்மா, மருந்து மேல பட்டுடும்" என்று கத்தினான். மேல பட்டுதான்டா வந்துக்கிறேன் என்றேன். மெஷினை இறக்கிவிட்டான். அந்தப் பக்கம் வெறும் ஏரிதான், ஆள் யாரும் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். வெறும் ஏரியாம். தென்னை மறைவில் நம் குப்பம் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. மெஷினை ஓட்டுகிற பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றான், நீ போட்டோவில் நிற்கிற மாதிரியே. காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான், முகம் சுண்டிப்போய் இருந்தது. திட்டப் போனவள், தென்னைக்குப் பின்னால் நம் குப்பம் இருக்கிறது என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். அவனிடத்தில் உன்னைத்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவன் நம் பக்கத்து வயல்களை விட்டுவிட்டுத்தான் அடிக்கிறான். அதற்காக அவனை வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று எனக்கு வேறு கவலை.

அவன் ஒருத்தன் விட்டால் போதுமா, நாளைக்கு வேறொருவன் வருவான் என்று ஊர்த் தலைவர் துளசிங்கம் மாமா கோயிலில் கூட்டம் போட்டார். வீடுகளுக்கும் ஏரிக்கரைக்கும் பக்கத்தில் மேலே இருந்து மருந்து அடிக்கக் கூடாது, மற்ற இடத்தில் அடிப்பதானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மனு. லோகா பொண்ணும் அதத்தானே ஓட்டுது என்று பின்னால் இருந்து ஒரு குரல். உன் நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா நல்லவர், உனக்குச் சங்கடமா இருந்தா நீ போட வேணாம்மா, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க என்றார். நான் பேனாவை வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். மனுவைத் தாலுகா ஆபீசில் கொடுத்தாகிவிட்டது. வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கம்பெனியில் யாராவது விஷயம் கேள்விப்பட்டுக் கேட்டால், ஆமாம், அது என் அம்மாதான் என்று சொல்.

கூடையில் இருந்ததையெல்லாம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். கைருன் அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அடுத்த கூடையைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றாள். இனிமேல் திறந்து பார்த்துத்தான் வாங்குவாள். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கார அக்கா அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டதாகச் சொன்னாய். அவளிடம் கெட்டுப்போன கருவாடு என்று மழுப்பாதே. பூச்சிமருந்து பட்டது என்று அப்படியே சொல். பிள்ளைகளை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல், நீயும் கூடப் போ. அவள் திட்டினால் வாங்கிக்கொள், இல்லை என் நம்பரைக் கொடு. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று நீ சொல்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதவில்லை. நீ கம்பெனிச் சட்டையோடு நிற்கிற போட்டோ சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நான் எடுக்க மாட்டேன். கையெழுத்தையும் எடுக்க மாட்டேன்.

இன்று காலை கொஞ்சம் காரப்பொடி விரித்தேன். ஈ வந்துவிட்டது, திவ்யா. மொய்க்கிறது. ஒரு கையில் வேப்பங்கொத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். திட்ட மனசே வரவில்லை. பூனை வேறு திருடப் பார்க்கிறது.

நாளைக்கு மெஷினைக் கிளப்புமுன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று யார் சொன்னாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா, என் கண்ணே. அங்கே எவளாவது ஒருத்தி எதையாவது காயப்போட்டுக்கொண்டு இருப்பாள்.

நல்லபடியாக இரு.

உன் அம்மா
லோகாம்பாள்