நீங்கள் தின்னாத ஜிலேபி

என்னங்க,

மேலே போயும் காலை நடையை விட்டிருக்க மாட்டீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து இதைக் கேளுங்கள்.

நம் பெண் வித்யாவுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. முப்பது வயதுதான், ஒல்லிக்குச்சி உடம்பு. மாத்திரை கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை, எடைதான் இறங்கியது. டாக்டரம்மா வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இது வழக்கமான சர்க்கரை இல்லையாம். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடுகின்றனவாம். பத்தியம் இருந்தாலும் நடந்தாலும் அது நிற்காது, இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார்.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். நாற்பதைத் தாண்டி வந்தது, எந்த மாத்திரைக்கும் அடங்காதது, பேன்ட் இடுப்பைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்தது, எல்லாம். பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அவருக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்.



துவைக்கப் போடும் முன் உங்கள் பாக்கெட்டை முகர்ந்து பார்த்தவள் நான். உங்கள் பக்கத்து மேஜைக்காரருக்கு போன் போட்டு, ஆபீசில் ஜிலேபி தின்கிறாரா என்று டெல்லிக்கு வந்து கற்ற என் ஓட்டை இந்தியில் விசாரித்தேன். டீயில்கூடச் சர்க்கரை போடுவதில்லை பாபிஜி என்றார் அந்த மனிதர். இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன். மலை மந்திர் முருகன் கோயிலில் நீங்கள் கையில் வாங்கிய பஞ்சாமிர்தத்தை அத்தனை பேர் முன்னால் பிடுங்கினேனே, அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?

"சத்தியமா நான் ஒண்ணும் சாப்பிடலை செல்வி" என்று எத்தனை தடவை சொன்னீர்கள். ஒரு நாள் அலுத்துப்போய், "சரி, சாப்பிட்டேன்னே வச்சுக்கோ" என்றீர்கள். திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி நம் ஆர்.கே.புரம் பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உடம்புக்குள்ளே அந்த அணுக்கள், வீட்டுக்குள்ளே நான். எங்கே போவீர்கள் நீங்கள்? அதன் பிறகு நீங்கள் மறுத்துப் பேசவே இல்லை. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், எல்லாம் அந்த ஜிலேபி செய்த வேலை என்றேன். சும்மா சிரித்தீர்கள்.

அந்தப் பரிசோதனையைப் பற்றி அப்போது நமக்கு யார் சொன்னார்கள் என்று வித்யா என்னைத் தேற்றுகிறாள். சரிதான். வியாதியை நான் அறிந்திருக்க முடியாது. உங்களை அறிந்திருக்கலாமே.

நேற்றுக் காலை அவளுக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. பழக்கதோஷத்தில் என் வாய் திறந்தது. நான் கேட்பதற்குள், உங்கள் சத்தியத்தையே இந்தியில் போட்டு, "சச்சி, நான் ஒண்ணும் சாப்பிடலைம்மா" என்றாள்.

"தெரியும்டி" என்றேன்.

உங்களிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டியது. இனி அவளிடம் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்வேன். வருகிற கிருத்திகைக்கு மலை மந்திருக்குப் போகிறேன். உங்கள் பங்குப் பஞ்சாமிர்தத்தையும் கேட்டு வாங்குவேன். பிடுங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை நம்பாமல் போன உங்கள் வீட்டுக்காரி,
செல்வி