ஏகாம்பரம் இன்னும் வரவில்லை

அஞ்சலை,

இன்று காலை கம்பெனி கேட்டில் அந்த முகம் பார்க்கும் மிஷின் மறுபடியும் உன் அப்பா பெயரைச் சொல்லிவிட்டது. "வெல்கம், ஏகாம்பரம்." வரிசையில் நின்ற நான், நீ செத்துப்போனதை மறந்து, உன் பதிலுக்குக் காது கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்றது பேக்கிங்குக்குப் புதிதாக வந்த பெண். அவள் அப்பாவுக்கும் அதே பெயராம்.

மிஷின் வந்த புதிதில் நாம் சிரித்த சிரிப்பு! பெயருக்கு இரண்டு கட்டமாம். ஒன்றில் நம் பெயர், இன்னொன்றில் குடும்பப் பெயர். குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? இனிஷியலை இழுத்து நீட்டி அப்பன் பெயரைப் போட்டார்கள். கேட்டில் மிஷின் கூப்பிடுவதோ இரண்டாவது கட்டத்தை மட்டும். ஒரே நாளில் பெண்களெல்லாம் கிழவர்களாகிவிட்டோம்.

"இன்னா கன்னியப்பன், நாஷ்டா ஆச்சா?" என்பாய் என்னை.

"மீசைய முறுக்கிக்கினு உள்ள வாங்க ஏகாம்பரம்" என்பேன் நான்.

மிஷினுக்கு மட்டும் தினமும் ஒரே பதில் வைத்திருந்தாய். "அவரு வரல. நான்தான் வந்துகீறேன்." வரிசையே சிரிக்கும். நீ வயிற்றில் இருக்கும்போதே ஆரணிக்குப் போய் வேறு குடும்பம் கட்டிக்கொண்ட மனிதர் அவர் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். ஊரார் கழனியில் நாற்று நட்டு உன்னை ஆளாக்கியது உன் அம்மா. ஒருநாள் ரயிலில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய். "எங்கம்மா எனக்குன்னு குடுத்தது இந்த ஒரு பேருதான்மே. அதையும் இந்தப் பொட்டி முழுங்கிடுச்சே."

மறுநாளே உன்னை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த பெண் பாவம், நல்லவள்தான்.

"ரெண்டாவது கட்டத்தைக் காலியா உட்டா சிஸ்டம் எடுக்காதுக்கா."

"ஒரு புள்ளி வையேன்மா" என்றாய். வைத்துப் பார்த்தாள். திரை சிவப்பாகிவிட்டது.

"எங்கம்மா பேரைப் போடு."

"ஆதார் கார்டுல அப்பா பேருதானேக்கா இருக்கு. ஒத்துக்காது."

"ரெண்டு கட்டத்துலயும் அஞ்சலைன்னு போடும்மா" என்றேன் நான். "இவ ரெண்டாள் வேலை செய்றவதானே." அவளும் சிரித்துவிட்டாள். விண்ணப்பம் எழுதிப் போடுகிறேன், சாஃப்ட்வேர்காரர்கள்தான் மாற்றித் தரவேண்டும் என்றாள். அன்றிலிருந்து அவளைக் காணும்போதெல்லாம் கேட்டாய். "மாறிச்சாம்மா?" அவள் தலையை ஆட்டுவாள். "இன்னும் இல்லக்கா." மூச்சு வாங்குகிறது என்று சீக்கிரம் வீட்டுக்குப் போன கடைசி நாளிலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் அன்றைக்கும் வரவில்லை.

அடுத்த நாள் கேண்டீன் டிவியில் ரோஜாப்பூ படம் போட்டு, "ஏகாம்பரம் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று வந்தது. யாரும் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "யாரு மாமே அந்தப் பெருசு?" என்று ஒருவன் கேட்டான். "மெயின்டனன்ஸ்ல யாருனா இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவன் சாம்பாரை ஊற்றிக்கொண்டான். நான் எழுந்து கத்தினேன். "பெருசு இல்லடா! நம்ம அஞ்சலைடா! அஞ்சலை!" அப்புறம்தான் கைகள் நின்றன. அதற்குள் திரையில் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் வந்துவிட்டது. பெற்றதைத் தவிர ஒன்றும் செய்யாத மனிதருக்கு உன் சாவிலும் பூ வைத்துவிட்டார்கள்.

ஆபீஸ் பெண்ணிடம் போன வாரம் கேட்டேன். உரிய ஆள் உயிரோடு இல்லாததால் அந்த விண்ணப்பத்தை மூடிவிட்டார்களாம்.

இன்று அந்தப் புதுப்பெண் மிஷின் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்க நைனாதான்க்கா. இப்பதான் வண்டில இட்டாந்து உட்டுட்டுப் போறாரு." நல்லாயிருக்கட்டும்.

அடுத்து என் முறை. "வெல்கம், கன்னியப்பன்." என் அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். உன் பதிலைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அவரு வரல" என்றேன். மீதி வரவில்லை அஞ்சலை. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அந்த மீதியை வாயிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.