அழிக்காத பதிவு

திண்டுக்கல்
25.01.2025

அன்பு மகன் ரிஃபாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாய். அதனால் லீவு முடிந்து சார்ஜா திரும்பும் உன் சிநேகிதன் இஷாக் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

செபஸ்தியார் திருவிழாச் சப்பரத்தைப் போட்டோ போட்டு, "அம்பு பட்டப்ப தன்னையே காப்பாத்திக்கல, ஊரையா காப்பாத்தப்போறாரு?" என்று பேஸ்புக்கில் எழுதினாயே, என்னத்துக்குப்பா? எதிர்வீட்டு ரொனால்டு ஆத்திரத்தில் அதற்குக் கீழேயே நபிகள் நாயகத்தை (ஸல்) ஏசிவிட்டான். நம் தெருப் பையன்கள் அவன் எழுதியதை மட்டும் ஸ்டேஷனில் காட்ட, இப்போது ஜெயிலில் கிடக்கிறான்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் டைபாய்டில் விழுந்தேன். ரொனால்டின் அம்மா ஜோஸ்பின்தான் உனக்குப் பால் கொடுத்தாள். நம் மார்க்கப்படி அவள் உனக்குத் தாய், அவள் மகன் உனக்குச் சகோதரன். அடுத்தவர் கும்பிடுவதை ஏசாதீர்கள், அறியாமல் அவர்கள் அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்று குர்ஆனே சொல்கிறதே. அந்த ஏச்சை வாங்கிக்கொடுத்தது யார்? நீதானே?

பதிவை அழித்து நீ மன்னிப்புக் கேட்டால், புகாரை வாபஸ் வாங்கவைக்கிறேன் என்கிறார் ஜமாஅத் தலைவர். கெஞ்சிக் கேட்கிறேன், அழித்துவிடு ராசா.

உன் அம்மா
மெஹராஜ்


சார்ஜா
03.02.2025

அம்மாவுக்கு ஸலாம்.

நான் உண்மையைத்தான் எழுதினேன். எத்தனை பேர் மாஷா அல்லாஹ் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? இப்போது அழித்தால் பயந்துவிட்டேன் என்பார்கள். நாயகத்தை ஏசியவனுக்காக நான் மன்னிப்புக் கேட்பதா? பால் கொடுத்ததற்காக நம் தீனை, மார்க்கத்தை விட முடியாது. இனி இதைப் பற்றி எழுதாதீர்கள். சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

ரிஃபாத்


திண்டுக்கல்
17.02.2025

ரிஃபாத்துக்கு,

நேற்று ஜோஸ்பின் வந்தாள். "மெஹராஜக்கா, எம்புள்ள உங்க நபியப் பேசுனது தப்புதேன். அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன். ரிஃபாத்த அந்த ஒண்ண மட்டும் அழிக்கச் சொல்லுக்கா" என்று வாசலில் நின்றே அழுதாள். உள்ளே வாடி என்றேன், வரவில்லை. உன் கடிதத்தை எந்த மூஞ்சியோடு அவளிடம் காட்டுவேன்?

இன்று காலையில் பார்க்கிறேன், அவள் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. நிலக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். பிள்ளைக்கு ஜாமீனும் கிடைக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று பையன்கள் டீக்கடையில் சிரிக்கிறார்கள். அட பாவிகளா, எதையடா ஜெயித்தீர்கள்?

தீன், தீன் என்கிறாய். கல்லால் அடித்து ரத்தம் வடிய விரட்டிய ஊருக்கும் நல்லதையே கேட்டவர் நம் நாயகம். அவர் பேரைச் சொல்லியா இதைச் செய்தாய்?

தொழுதுவிட்டு உனக்காகத்தான் கையேந்துகிறேன். வாயில் ரொனால்டு பேர்தான் வருகிறது. உன்னை மன்னிக்கச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்கப் பார்க்கிறேன், நாக்கு புரள மாட்டேன் என்கிறது. புரளும்வரை எனக்குக் கடிதம் போடாதே.

மெஹராஜ்